முடிச்சூர் மீன்களில் தொற்றிய மட்டிக் குஞ்சுகள்

நான் தாம்பரத்துக்குப் போனது மீன் பார்க்க. ஏறக்குறைய பெண் பார்க்கப் போவது போலத்தான். போய் உட்கார வேண்டும், கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை முகத்தில் காட்டாமல் ஊருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மீனிடம் ஒரு வசதி, வலையில் அள்ளிக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு முன்னும் பின்னும் பார்க்கலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் அலங்கார மீன் பண்ணை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பெயர் சுகந்தி. எங்கள் முதலாளிக்குக் கோய் என்ற வண்ணக் கெண்டை என்றால் உயிர். முடிச்சூரில் ஜரீனா என்றொரு பெண் வளர்க்கும் கோய் மீன்களின் வீடியோ எப்படியோ அவர் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்து மூன்று நாள் தூங்காமல் இருந்தவர், நான்காம் நாள் என் கையில் டிக்கெட்டையும் ஒரு பரிசோதனைப் படிவத்தையும் தந்தார். படிவத்தில் நிறையக் கேள்விகள். ஆனால் உயிர்நாடி ஒன்பதாவது கேள்விதான்: ‘ஒட்டுண்ணி: உண்டு / இல்லை.’ உண்டு என்பதைச் சுழித்தால் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதில் சொல்ல ஒன்றுமில்லை. சேர்ந்த பிறகு தெரிந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியைப் பத்திரமாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த நான், அதன் விளக்குக்கான பெட்டரியை வீட்டு மேசையிலேயே விட்டு வந்திருந்தேன். அந்தத் தட்டைப் பெட்டரி தாம்பரத்தில் ஏறி இறங்கிய நாலு கடைகளிலும் இல்லை. போகட்டும், பதினொரு வருடக் கண் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இதைத் தலைக்கனம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

தாம்பரம் இரண்டு ஊர். நடுவில் தண்டவாளம், இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. நான் அறை எடுத்தது கிழக்கில், முடிச்சூர் போகும் சாலை மேற்கில். நடைபாலத்தில் ஊரே ஏறி இறங்குகிறது. கொய்யாப்பழம், போன் உறை, குழந்தைகளுக்குச் சாக்ஸ் எல்லாம் அங்கேயே வாங்கலாம், நிற்க மட்டும் இடமில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸில் ஏறிய பிறகு இடிப்பார்கள். இங்கே ஏறுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுகிறார்கள்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இட்லியும் வடகறியும். உதிர்ந்த வடையை மசாலாவில் வேகவைத்தது இந்த வடகறி. பெயரைக் கேட்டதும் நம்பிக்கை வரவில்லை, இரண்டாவது தட்டு கேட்கும்போது வந்துவிட்டது. கொத்துப் பரோட்டாவையும் தட்டும் சத்தம் கேட்டு வாங்கினேன். அதை மட்டும் எங்கள் ஊர்க் கொத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. தேநீர் இங்கே மூன்று மிடறு, நாலாவது மிடறுக்கு இன்னொரு கிளாஸ் வாங்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை மேற்குப் பக்கம் போய் ஒரு ஆட்டோ பிடித்தேன்.

“எந்தாண்ட போணும்?”

“முடிச்சூர். பெரிய வீதியால போய், மருந்துக்கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில கிறுகோணும்.”

கிறுகுவது என்றால் எங்கள் ஊரில் திரும்புவது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மேடம் கேரளாவா?”

“இல்ல, மட்டக்களப்பு.”

“அது எங்க கீது?”

“கடலுக்கு அங்கால.”

“அப்ப துபாயா?”

நான் மறுத்தேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சரியான சந்தில் இறக்கிவிட்டு, “ஆனா மேடம், தமிழ் நல்லாவே கத்துக்கினுகீறீங்க” என்று பாராட்டிவிட்டுப் போனார். நன்றி சொன்னேன்.

முடிச்சூரில் வீடுகளுக்கு நடுவே காலி மனைகள், காலி மனைகளுக்கு நடுவே அடுக்குமாடிகள். புதிதாகக் கட்டிய வீடுகள் எல்லாம் ஆள் இடுப்பு உயரத்துக்கு மேடை எழுப்பிக் கட்டியவை. பழைய வீடுகள் சாலையை விடத் தாழ்ந்து நிற்கின்றன. 2015இல் ஊரை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் கையை உயர்த்திக் காட்டினார்கள், ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு உயரத்தில்.

ஜரீனாவுக்கு நாற்பது வயதிருக்கும். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் மீன் வலையோடு வாசலில் நின்றார். வீட்டுக்குப் பின்னால் பச்சை நிழல்வலை போட்ட மனையில் சிமென்ட் தொட்டிகள். கணவர் அன்வருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கூடத்தில் போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்கள்தான் எனக்கு முதலில் அறிமுகமான அன்வர்.

தொட்டிகள் நிற்கும் மனை வேதாசலம் என்பவருடையது. அடுத்த வீட்டுக்காரர். சுற்றுப்புறம் முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். விற்று விற்று மிச்சமிருப்பது இந்த ஒரு மனைதான். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன், இரண்டிலும் யாராவது மனை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு முன்னால் வைத்தே ஜரீனாவிடம் சொன்னார்.

“மேடம் ஆர்டர் குடுத்தாங்கன்னா குத்தகை எழுதிக்கலாம்மா. இல்லாங்காட்டி நானும் எத்தினி நாளு பார்ட்டிய இழுத்துனு இருக்கறது? அட்வான்ஸ் வாங்கிக்கச் சொல்லி டெய்லி போன் பண்றான்.”

ஆக, நான் சுழிக்கப்போகும் ஒரு சொல்லில் இந்தத் தொட்டிகளின் தலையெழுத்தும் இருந்தது. மீன் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு சுமையை ஏற்றுவார்கள் என்று முதலாளி சொல்லவில்லை.

கடைசித் தொட்டிதான் பெரியது, தாய் மீன்களுக்கானது, அடியில் ஒரு சாண் மணல் விட்டது. அதன் தண்ணீரைப் பார்த்து நான் அசந்துபோனேன். மற்றத் தொட்டிகளில் லேசான பச்சை, இதில் மணலை எண்ணலாம். உள்ளே அந்தச் சிவப்பு மீன்கள். வீடியோ பொய் சொல்லவில்லை.

“இன்னா மேடம், தண்ணி சும்மா கண்ணாடி கணக்கா கீதா?” என்றார் வேதாசலம். “நாந்தான் ஒரு கைவைத்தியம் பண்ணேன்.”

என்ன வைத்தியம் என்று கேட்டிருக்கலாம். நான் ஏற்கெனவே வலையைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு தாய் மீனைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். துடுப்பின் ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஊசிமுனைப் புள்ளிகள். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், அங்கும் புள்ளி. இரண்டாவது மீன், மூன்றாவது மீன், எல்லாம் அப்படியே.

“வைட் ஸ்பாட்டா?” என்றார் ஜரீனா. குரல் இறங்கிப்போயிருந்தது.

“ஓம். வெண்புள்ளி வருத்தம்தான். மன்னிச்சுக்கொள்ளுங்க, இத நான் எடுக்கேலாது.”

மீன் வளர்ப்பவர்களுக்கு வெண்புள்ளி நோயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரு மீனில் வந்தால் ஒரு வாரத்தில் தொட்டியே காலி. துடுப்பில் சின்னத் துண்டை வெட்டி, முதலாளிக்குக் காட்டச் சிறு குப்பியில் தண்ணீரோடு போட்டுக்கொண்டேன். ஜரீனா உள்ளே போனார். திரும்பி வந்து, “சாப்பாடு ரெடியா இருக்கு, வாங்க” என்றார்.

நெய்ச்சோறும் தால்சாவும். பருப்பில் ஆட்டெலும்பும் கத்தரிக்காயும் போட்ட அந்தத் தால்சாவை வேறொரு நாளில் சாப்பிட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். தட்டில் மீன் இல்லை. “மீன் வளக்கற வூட்ல மீன் ஆக்கறதில்லீங்க, அதுங்க கண்ணப் பாத்துட்டு எப்படி ஆக்கறது?” என்றார். நாளைக் காலை பத்து மணிக்குத் தொட்டியில் மருந்து ஊற்றப்போவதாகவும் சொன்னார். நல்லது என்றேன். அறைக்கு வந்து முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். ‘வெண்புள்ளி. வேண்டாம்.’ வேலை முடிந்தது என்று நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் விடியும்போதே மின்சாரம் இல்லை. விசிறி இல்லை, லிஃப்ட் இல்லை, வைஃபை இல்லை. என் ஊர் சிம் இங்கே பொம்மை, வைஃபை இருந்தால்தான் யாரோடும் பேச முடியும். கீழே போய்க் கேட்டதற்கு, “ஏரியா ஃபுல்லா இல்ல மேடம்” என்று விடுதிக்காரர் பெருமையாகச் சொன்னார். மேலே வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். செய்ய ஒன்றுமில்லை. நுண்ணோக்கியின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்புவதற்கு. படிக்கிற காலத்தில் பாவித்தது, நேற்று ஞாபகத்துக்கே வரவில்லை. பொழுது போகட்டும் என்று கண்ணாடியைத் திருப்பி, குப்பியிலிருந்த துடுப்புத் துண்டை வைத்துப் பார்த்தேன்.

வெண்புள்ளிக் கிருமி உருண்டையாக இருக்கும், ஓயாமல் சுழலும், உள்ளே லாடம் மாதிரி ஒரு வளைவு தெரியும். நான் பார்த்ததில் லாடம் இல்லை, சுழலவும் இல்லை. பருப்பைப் பிளந்தது போல இரண்டு ஓடுகள், துடுப்பின் ஓரத்தைக் கவ்வியபடி. அதற்கு மேல் மீனின் தோல் மெல்லிசாக வளர்ந்து மூடியிருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வெண்புள்ளி வந்த மீன் அரிப்பில் சுவரில் உடம்பைத் தேய்க்கும். ஜரீனாவின் மீன்களில் ஒன்றுகூடத் தேய்க்கவில்லை. இதை நான் நேற்றே பார்த்தேன். பார்த்ததைப் பொருட்படுத்தவில்லை.

மணி ஒன்பதே கால். பத்து மணிக்கு மருந்து. இது கிருமியே இல்லை, மட்டி என்ற சிப்பியின் குஞ்சு; மருந்தால் சாகாது, தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே செவுளில் இத்தனை புள்ளியோடு இருக்கும் மீன், அந்த மருந்தின் காரம் தாங்காமல் போய்விடும். நுண்ணோக்கியைக் கையில் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி ஓடினேன். நடைபாலத்தில் எல்லோரும் எனக்கு எதிராகவே வந்தார்கள்.

மேற்கில் கிடைத்தது ஷேர் ஆட்டோ. உள்ளே ஏற்கெனவே எட்டுப் பேர். ஒரு அக்கா தன் மடியிலிருந்த காய்கறிப் பையைத் தூக்கி நுண்ணோக்கிக்கு இடம் கொடுத்து, “தையல் மெஷினா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாதி வழியில் டயர் பஞ்சர். ஓட்டுநர் இறங்கி டயரைச் சுற்றி வந்து, “பேஜார்” என்ற ஒற்றைச் சொல்லில் நிலவரத்தை முடித்துவிட்டு பீடி பற்றவைத்தார். மிச்ச தூரத்தை நடந்தும் ஓடியும் கடந்தேன். பத்தே கால் ஆகிவிட்டது.

ஜரீனா தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருந்துப் போத்தல், அளவுக் கோப்பை, மூடி திறந்திருந்தது.

“ஊத்திட்டீங்களா?”

“எங்க ஊத்தறது? காலைல இருந்து கரண்ட் இல்ல. ஏர் பம்ப் ஓடாம மருந்து ஊத்தினா மீன் மூச்சு முட்டிப் போய்டுமே. அதான் உக்காந்திருக்கேன்.”

விடிந்ததிலிருந்து அந்த மின்வெட்டைத் திட்டித் தீர்த்திருந்தேன். அத்தனையையும் வாபஸ் வாங்கினேன். நான் ஒரு பார்வையில் சொல்லிவிட்டுப் போன சொல்லுக்கு அந்த மீன்கள் செத்திருக்கும்.

“மூடியப் போடுங்க. அது வெண்புள்ளி இல்ல. நான்தான் பிழையாச் சொல்லிட்டன். இந்தத் தொட்டிக்குள்ள மட்டி இருக்கா?”

“மட்டியா? என் தொட்டியிலயா?”

சத்தம் கேட்டு வந்த வேதாசலம் திடீரென்று தன் போனை மிகக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் போனைப் பைக்குள் போட்டார்.

“இல்லம்மா… வெளிநாட்டுப் பார்ட்டி வருதுன்னு சொன்னியா. தண்ணி பச்சையா இருந்துச்சு. எங்கப்பா கெணத்துல மட்டி போட்டுதான் தெளிய வப்பாரு. நீ அம்மா வூட்டுக்குப் போயிருந்த அன்னிக்கு ஏரில இருந்து ஒரு பக்கெட்டு எத்துனு வந்து உட்டேன். மண்ணுக்குள்ள பூந்துக்கும், கண்ணுக்கே தெரியாது. தப்பா பூடுச்சா?”

தண்ணீரைத் தெளியவைப்பதில் மட்டிக்கு இணை இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டி வெளியே விடும். அதில் அவர் அப்பா சொன்னது முழுக்கச் சரி. கிணற்றில் மீன் இருந்திருக்காது, அதனால் மிச்சக் கதை அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விருந்தாளி வருகிறாரென்று வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல, எனக்காகத்தான் அந்தத் தண்ணீரைத் தெளியவைத்திருக்கிறார். அந்தத் தெளிவில்தான் புள்ளிகள் அவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரிந்தன.

வேதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கி மணலைத் துழாவினார். உள்ளங்கை அளவு மட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றைக் கத்தியால் பிளந்தேன். செவுள் பழுப்பு நிறத்தில் உப்பி இருந்தது. அதில் கொஞ்சத்தை எடுத்துத் தண்ணீர்ச் சொட்டில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணாடியைத் திருப்பி வெயிலை உள்ளே விட்டு, ஜரீனாவைப் பார்க்கச் சொன்னேன்.

“அய்யோ, எத்தனை! எல்லாம் வாயத் தொறந்துனு கெடக்கு.”

“உப்பு இருக்கா? ஒரு கல்லு காணும், போதும்.”

சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வந்தது. ஒரே ஒரு கல்லைச் சொட்டின் ஓரத்தில் போட்டேன். நுண்ணோக்கியில் கண் வைத்திருந்த ஜரீனா சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தார். “கடிக்குது! எல்லாம் ஒரே நேரத்துல டப்புனு மூடுது!”

இதற்குத் தமிழில் பெயர் இல்லை. பாடப்புத்தகத்தில் குளோக்கிடியம் என்று இருக்கும், நான் மட்டிக் குஞ்சு என்கிறேன். தாய் மட்டி முட்டைகளைத் தன் செவுளுக்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் தண்ணீரில் விடும். குஞ்சுக்கு நீந்தத் தெரியாது, காலும் இல்லை. இரண்டு ஓடு, அதை மூட ஒரு தசை, அவ்வளவுதான் உடம்பு. மீன் ஒன்று வந்து உரசும்வரை வாயைத் திறந்தபடி காத்திருக்கும். உரசினால் கவ்விக்கொள்ளும். மீனின் தோல் அதை மூடி வளரும், அதற்குள் இருந்துகொண்டு மீனிடம் உறிஞ்சி இரண்டு மூன்று வாரத்தில் முழு மட்டியாக உருமாறி, தோலைக் கிழித்துக்கொண்டு மணலில் இறங்கிவிடும். மீன் வராத குஞ்சு சாகும். அநேகமாக எல்லாம் சாகும். ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்தவள் என்ற முறையில் எனக்கு அதன் கஷ்டம் புரிந்தது.

“அப்ப இது ஸ்கூல் வேன் மாதிரி,” என்றார் வேதாசலம். “ஏத்தி உட்டுட்டா அது பாட்டுக்குப் போய் எறங்கிக்கும்.”

“என் மீனு உங்களுக்கு வேனாண்ணா?” என்றார் ஜரீனா. அவர் மறுபடி போனை எடுத்தார்.

மட்டிகளை எல்லாம் பக்கெட்டில் சேர்த்ததும், குழம்பு வைத்தால் அருமையாக இருக்கும் என்று வேதாசலம் மெதுவாக எடுத்துச் சொன்னார். ஜரீனா ஒப்புக்கொள்ளவில்லை. “வயித்துல புள்ளையோட இருக்குதுங்க. எங்க எடுத்தீங்களோ அங்கயே உட்டுட்டு வந்துடுங்கண்ணா.” அவர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனார். மின்சாரம் வந்தது. ஏர் பம்ப் குமிழ் விடத் தொடங்கியது. கூடத்தில் அன்வரின் பாதங்கள் அசைந்து மறுபக்கம் திரும்பின.

நான்காம் நாள் ஜரீனா வீட்டு வைஃபையில் முதலாளியோடு கதைத்தேன். வெண்புள்ளி இல்லை, மட்டிக் குஞ்சுதான், தானாகவே இறங்கிவிடும், மூன்று வாரம் பொறுத்தால் போதும் என்றேன்.

“அது மீனில ஒட்டியிருக்கா?”

“ஒட்டியிருக்கு.”

“மீனிட உடம்பில இருந்து சாப்பிடுதா?”

“ஓம்.”

“அப்ப ஒட்டுண்ணிதானே, பிள்ள. அதில நல்ல சாதி கெட்ட சாதி எண்டு இருக்கா? மூண்டு கிழமை பொறுக்க ஏலாது, பெருநாளுக்குச் சாமான் வேணும். செங்கல்பட்டுப் பக்கம் இன்னொரு பண்ணை இருக்கு, நாளைக்கு அங்க போ.”

படிவத்தை விரித்தேன். ஜரீனா எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது கேள்வியை அவரும் படித்தார்.

“இல்லைன்னு போட்டா?”

“போடேலாது. எங்கட தண்ணியில வந்து இறங்கினா அது இன்னொரு ஏரியில பரவும். பொய்யும் சொல்லேலாது.”

ஜரீனா படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு தன் பேனாவை எடுத்து நீட்டினார். “உண்டுன்னே போடுங்க. நாளைக்கு மீன் போய்ச் சேந்து அங்க கண்டுபுடிச்சா என் பேரும் போய்டும், உங்க வேலையும் போய்டும்.” சுழித்தேன். “நீங்களும் அந்தக் குஞ்சு மாதிரிதான்,” என்றார் சிரித்துக்கொண்டே. “வந்தீங்க, ஒட்டிக்கினீங்க, மூணு நாளு சாப்டீங்க, நாளைக்கு எறங்கிப் போய்டுவீங்க.” கையில் இருந்த சமோசாவைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்ப, முடிச்சூருக்குப் பக்கத்துப் பெருங்களத்தூர் ரயில் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்து தாம்பரத்துக்கு ஒரே ஒரு நிலையம். அதைக்கூடத் தவறாகச் செய்தேன். எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, நின்றபடியே தூங்கி, மறைமலை நகரில் கண் விழித்தேன். நடைமேடை முழுக்க ஒரே நிறச் சட்டையில் ஷிப்ட் ஆட்கள். அதில் ஒருவர் என் கையிலிருந்த நுண்ணோக்கியைப் பார்த்துவிட்டு வந்து, “நீங்க மீன் மேடம்தானே?” என்றார். அன்வர். விழித்த நிலையில் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

திரும்பும் ரயில் வரும்வரை கூடவே நின்றார். அதிகம் பேசுகிற ஆளில்லை. ஆனால் ஒன்று சொன்னார். “வெள்ளத்துல எல்லாத் தொட்டியும் போய்டுச்சு மேடம். ஆறே ஆறு மீனத்தான் காப்பாத்த முடிஞ்சுது. மொட்ட மாடில ட்ரம்முல உட்டு, கரண்ட் இல்லாம, சொம்பால தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திக்கினே இருந்தோம், காத்து போணும்னு. நானும் அவளும் மாத்தி மாத்தி, நாலு நாளு. நீங்க பாத்த செவப்பு, அந்த ஆறோட வம்சம்.” ரயில் வந்துவிட்டது. நான் சுழித்த சொல்லைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அந்த ரயிலில் தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் நாள் செங்கல்பட்டுப் பக்கத்துப் பண்ணை. குளிரூட்டிய அலுவலகம், சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள், கண்ணாடிக் கிண்ணத்தில் முந்திரி. மேலாளரே வலையால் இரண்டு மீனை அள்ளித் தந்தார். துடுப்பில் சின்னத் துண்டு வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நேரமாகிவிட்டது, இரவு விமானம். நானே இறங்கி இன்னும் நாலு மீன் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். ‘இல்லை’ என்று சுழித்தேன்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் முடிச்சூரில் இறங்கி விடைபெற்றேன். வேதாசலம் வாசலிலேயே நின்றிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

“மேடம், நான் போட்ட மட்டிதானே? அதுக்கு அந்தம்மா தலைல மண்ணள்ளிப் போட்டா நல்லாவா இருக்கும்? மனைய இப்ப விக்கல. குத்தகை எழுதிக் குடுத்துட்டேன்.”

உள்ளே ஜரீனா பெரிய தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் மறுபடி லேசாகப் பச்சை ஆகியிருந்தது. மட்டி எதுவும் மிச்சமில்லை என்பதற்கு நல்ல அறிகுறி என்றேன். “இனிமே யார் வந்தாலும் பச்சைத் தண்ணிதான்” என்றார்.

செங்கல்பட்டு மீன்கள் எங்கள் பண்ணைக்கு வந்து ஒன்பதாம் நாள் சுவரில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கின. இந்தத் தடவை பெட்டரி போட்ட நுண்ணோக்கியில் பார்த்தேன். உருண்டை, சுழற்சி, உள்ளே லாடம். ஒரு கிழமைக்குள் மூன்று தொட்டிகள் காலியாகின. முதலாளி என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. நானும் படிவத்தை எடுத்து அந்த ‘இல்லை’யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவரே வந்து கேட்டார்: “அந்த முடிச்சூர்ச் சிவப்பு இன்னும் இருக்குமா?”

அன்றே ஜரீனாவை வீடியோவில் அழைத்தேன். போனைத் தொட்டிக்கு நேரே பிடித்துக் காட்டினார். துடுப்புகள் சுத்தம். ஒரு புள்ளி இல்லை. குஞ்சுகள் இறங்கிப் போய்விட்டிருந்தன. மணலையும் அள்ளி ஏரியிலேயே கொட்டச் செய்துவிட்டாராம், வேதாசலம்தான் சுமந்தாராம். எங்கள் முதலாளி பின்னால் நின்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம், உடனே அனுப்பலாமா என்று கேட்டேன்.

“அனுப்பலாம். மொதல்ல நான் ஒண்ணு கேக்கறேன்,” என்றார் ஜரீனா. கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. “உங்க தொட்டில இப்ப ஒட்டுண்ணி உண்டா, இல்லையா?”

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டுவது போன் திரையின் மூலையில் தெரிந்தது. ஜரீனாவுக்கும் தெரிந்திருக்கும்.

“உண்டு,” என்றேன்.

தாளில் சுழித்துக்கொண்டார். “அப்ப தொட்டியெல்லாம் கழுவிக் காய வைங்க. மூணு வாரம் கழிச்சு போன் பண்ணுங்க, பாக்கலாம்.”